ஆயிரம் பேர் வாழும் ஊரில் இவ்வளவு பெரிய தேவாலயம் எதற்கு?

நீங்கள் கேட்டதை என் சொல்லில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸ் என்ற ஆற்றங்கரைக் கிராமத்துக்கு அரை நாள் போய்வர எண்ணம். படங்களில் பார்த்தால் ஒரே ஒரு பெரிய தெரு, கொஞ்சம் கூரை வீடுகள், நடுவே ஊருக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தேவாலயம். "இது ஒரு காலத்தில் தலைநகரமாமே, உண்மையா? அங்கே எது நிஜமாகவே பழைய கட்டடம், எது சுற்றுலாக்காரர்களுக்காகப் பழசு போல வைத்திருப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் பெரிதாக இருந்து சுருங்கியதா, இல்லை கதைதான் ஊதிப் பெரிதாகிவிட்டதா என்பதே உங்கள் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பழைய மரச்சட்ட வீடுகளையும் கல் கட்டடங்களையும் ஆய்வு செய்து, எதை எப்படிப் பழுதுபார்ப்பது என்று சொல்வது என் தொழில். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் பல ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தேன். சுவரையும் கூரையையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். லத்தீன் ஆவணங்களைப் பற்றிச் சொல்வது மட்டும் அறிஞர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் ஒரு எச்சரிக்கை. டார்செட் மாவட்டத்தில் டார்செஸ்டர் என்று ஒரு பெரிய ஊர் இருக்கிறது. இணையத்தில் தேடினால் அதுதான் முன்னால் வரும். நீங்கள் போக வேண்டியது ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள கிராமம். தேம் என்ற சிற்றாறு ஊரைத் தொட்டு ஓடி, சற்றுத் தள்ளித் தேம்ஸில் கலக்கிறது. ஊரை ஒட்டி ஓடுவது தேம், தேம்ஸைப் பார்க்கப் புல்வெளி வழியாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட இந்த நிலம்தான் எல்லாக் கதைக்கும் காரணம். இரண்டு பக்கம் தண்ணீர் காவல், மீதிப் பக்கத்தை அடைத்துவிட்டால் போதும்.

அப்படி அடைத்தவர்கள் ரோமானியருக்கு முன்பே இருந்தார்கள். ஊருக்குத் தெற்கே டைக் ஹில்ஸ் என்ற இரட்டை மண்கரை இருக்கிறது. இரும்புக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது. நடுவில் பள்ளம், இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் மேடு. ஆறுகளின் வளைவையும் இந்தக் கரையையும் வேலியாக வைத்து உள்ளே ஒரு பெரிய குடியிருப்பு இருந்தது. ரோமானியர் வந்தபின் அதற்கு வடக்கே, இன்றைய கிராமம் இருக்கும் இடத்தில் ஒரு சிறு நகரம் எழுந்தது. தெற்கே சில்செஸ்டரிலிருந்து வடக்கே ஆல்செஸ்டருக்குப் போகும் சாலை அதன் வழியாகப் போனது. முதலில் மண் அரண், பின்னாளில் அதன் முகப்பில் கல் மதில். இன்று அந்த நகரத்தின் சுவர் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. கிராமத்து மக்கள் காய்கறி பயிரிடும் பொதுத் தோட்டத்துக்கு அடியில் ரோமானியத் தெருக்கள் கிடக்கின்றன. 1962இல் ஷெப்பர்ட் ஃப்ரெர் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டினார். ரோமானிய அடுக்குக்கு மேலேயே, அவர்களுக்குப் பின் வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்களின் பள்ளவீடுகள், அதாவது தரையைத் தோண்டி அமைத்த வீடுகள், வந்தன. 2007க்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் மறுபடி தோண்டினார்கள். தமிழ்நாட்டில் வயல்மேட்டில் ஓட்டுச் சில்லு பொறுக்கிப் பழகியவர்களுக்கு இந்தத் தோட்டத்து வேலியோரம் நிற்கும்போது கை பரபரக்கும். எடுக்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி தலைநகரம் என்ற கதை. ஆதாரம் உள்ள பகுதி இது: 630களில் பிரினஸ் என்ற பிஷப் போப் ஹொனோரியஸ் அனுப்பி இங்கிலாந்துக்கு வந்தார். மேற்கு சாக்சன் மக்களின் அரசன் கினெகில்ஸுக்கு 635இல் ஞானஸ்நானம் கொடுத்தார். வடக்கே நார்தம்ப்ரியாவின் அரசன் ஆஸ்வால்ட் வந்திருந்து அவனுக்கு ஞானத்தகப்பனாக நின்றார். இரண்டு அரசர்களும் சேர்ந்து இந்த ஊரைப் பிரினஸுக்குப் பிஷப் பீடமாகக் கொடுத்தார்கள். இதை எழுதி வைத்தவர் பீட் என்ற துறவி, 731இல், அதாவது நடந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. நூறு ஆண்டு இடைவெளி என்றாலும் பீட் விசாரித்து எழுதும் ஆள் என்பதால் அடிப்படைச் செய்தியை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஆதாரம் இல்லாத பகுதி: அரசன் தேம் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றான் என்று ஊரில் சொல்வார்கள். எந்தத் தண்ணீர் என்று பீட் சொல்லவில்லை. பிரினஸ் கட்டிய முதல் தேவாலயம் இன்றைய தேவாலயத்தின் இடத்திலேயே இருந்தது என்பதும் பொருத்தமான ஊகம்தான், அடித்தளம் கண்டு உறுதிசெய்ததல்ல. தலைநகரம் என்ற சொல்லோ அந்தக் காலத்துக்கே ஒட்டாது. அன்றைய அரசன் ஓர் ஊரில் உட்கார்ந்து ஆளவில்லை. பரிவாரத்தோடு பண்ணைக்குப் பண்ணை போய், அங்கே விளைந்ததைச் சாப்பிட்டு, வழக்குத் தீர்த்து நகர்ந்துகொண்டே இருந்தான். ஆகவே பிஷப்பின் ஊர் என்று சொல்லுங்கள், அது சரி.

அந்தப் பெருமையும் நிலைக்கவில்லை. வடக்கே மெர்சியா நாட்டை ஆண்ட எதிரிகள் தேம்ஸ்வரை வந்துவிட்டதால் பீடம் வின்செஸ்டருக்குப் போனது. பிரினஸின் உடலையும் அங்கே கொண்டுபோனார்கள். அப்புறம் 9ஆம் நூற்றாண்டில் டேன்களின் படையெடுப்பில் லெஸ்டர் பிஷப்புக்கு இருக்க இடமில்லாமல் போக, அவர் டார்செஸ்டருக்கு வந்து சேர்ந்தார். இப்படியாகத் தேம்ஸிலிருந்து வடக்கே ஹம்பர்வரை நீண்ட மாபெரும் மறைமாவட்டத்துக்கு, அதன் தென்கோடி ஓரத்தில் இருந்த இந்தச் சிற்றூர் தலைமையானது. நார்மன்கள் வந்ததும் ரெமிஜியஸ் என்ற பிஷப் 1072 வாக்கில் பீடத்தை லிங்கனுக்கு மாற்றிவிட்டார். வின்செஸ்டரிலும் லிங்கனிலும் இன்று நிற்கும் பேராலயங்களைப் பார்த்தால் டார்செஸ்டர் எதை இழந்தது என்று தெரியும்.

ஆக, உங்கள் கண்ணை உறுத்திய அந்தத் தேவாலயம் பிஷப் காலத்தது அல்ல. 1140 வாக்கில் லிங்கன் பிஷப் அலெக்சாண்டர் இங்கே அகஸ்தீன் சபைத் துறவிகளுக்கு ஒரு மடம் அமைத்தார். நிற்பது அந்த மடத்தின் ஆலயம். நார்மன் காலச் சுவர் நடுப்பகுதியில் இருக்கிறது. ஆனால் உங்களை மலைக்க வைக்கப்போவது கீழைக் கோடி, அது 14ஆம் நூற்றாண்டின் முற்பாதி. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை.

1220களில் டார்செஸ்டர் துறவிகள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். பிரினஸின் எலும்புகள் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன, வின்செஸ்டருக்குப் போனது வேறொருவர் உடல் என்றார்கள். பீட் தெளிவாக எழுதியதற்கு நேர் எதிரான பேச்சு இது. போப் விசாரணைக்கு உத்தரவிட்டார். புனிதர் ஒருவரின் எலும்பு இருந்தால் யாத்திரிகர் வருவர், யாத்திரிகர் வந்தால் காணிக்கை வரும். துறவிகளின் பேச்சை வரலாற்று ஆசிரியர்கள் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் மக்கள் நம்பி வந்தார்கள். அலங்காரமான கல் சமாதி எழுந்தது, ஆலயம் கிழக்கே நீண்டது. 1530களில் எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களை மூடியபின் அந்தச் சமாதி உடைபட்டுப் போனது. கிடைத்த துண்டுகளை வைத்து 1964இல் திருப்பி அமைத்தார்கள். உள்ளே நீங்கள் பார்க்கும் சமாதி அதுதான். பழைய கல் எது, புதுக் கல் எது என்று கொஞ்சம் நின்று பார்த்தால் பிரித்துச் சொல்லலாம்.

அந்தக் கீழைக் கோடியில் வடக்குச் சுவரில் உள்ள சன்னலுக்கு முன் பத்து நிமிடமாவது நில்லுங்கள். ஈசாய் மரம் என்பார்கள். ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னதைத் தமிழ் வேதாகமம் படித்தவர்கள் அறிவார்கள். தாவீதின் தகப்பன் ஈசாயிலிருந்து கிறிஸ்துவரை வரும் வம்சத்தை மரமாக வரைவது ஐரோப்பாவில் வழக்கம். எல்லா இடத்திலும் கண்ணாடியில் தீட்டுவார்கள். இங்கே கொத்தர் சன்னலின் கல் சட்டத்தையே மரமாக்கிவிட்டார். சன்னலின் அடியில் ஈசாய் கல்லாய்ப் படுத்திருக்கிறார். அவர் உடலிலிருந்து எழும் அடிமரம் நடுத் தூணாக மேலே போகிறது. அதிலிருந்து கிளைகள் வளைந்து இருபக்கக் கல் தூண்களையும் குறுக்கே கடக்கின்றன. கிளை தூணைத் தொடும் இடங்களில் சிறு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் உள்ள கண்ணாடியிலும் உருவங்கள். கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால்தான் வம்சம் முழுமை. கட்டுமானமாகப் பார்த்தாலும் இது பெரிய துணிச்சல். சன்னல் தூண் நேராக நின்று பாரம் தாங்க வேண்டியது, அதைக் கிளைவிட்டு வளையவிட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்கு இணையான இன்னொன்றை நான் பார்த்ததில்லை. உச்சியில் இருந்திருக்க வேண்டிய உருவம் காணாமல் போய்விட்டது. 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த கிராம்வெல்லின் வீரர்கள் உடைத்தார்கள் என்று சொல்வது வழக்கம். எதற்கெடுத்தாலும் கிராம்வெல் மேல் பழி போடுவது இங்கிலாந்து ஊர்களில் சகஜம். அவருக்கு நூறு ஆண்டுகள் முன்பே, மதச் சீர்திருத்தக் காலத்தில், நாடு முழுக்க உருவங்களை உடைத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பழியை நான் உறுதியாக ஏற்க மாட்டேன்.

பக்கத்திலேயே கீழைச் சன்னல். அதன் நடுவே வெளிப்புறம் ஒரு தாங்குசுவர் எழும்பி நிற்கும். சன்னலை இரண்டாகப் பிளக்கும் இந்தக் கல் எதற்கு என்று தோன்றும். ஆலயத்துக்குக் கிழக்கே நிலம் தேம் ஆற்றை நோக்கிச் சரிகிறது. சரிவில் கட்டிய சுவரை முட்டுக்கொடுத்துப் பிடிக்கவே அது என்பதுதான் பொருத்தமான விளக்கம். வெளியே போய்ச் சுற்றி வந்து பாருங்கள், காலே சரிவைச் சொல்லும். இந்தச் சன்னலின் வட்டவடிவ உச்சி 19ஆம் நூற்றாண்டில் பட்டர்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞர் திருப்பிச் செய்தது. நல்ல வேலை, ஆனால் இடைக்காலத்தது அல்ல.

அப்புறம் ஒரு வீரனின் கல் உருவம். 1280 வாக்கில் செதுக்கியது. மற்ற கல்லறைகளில் வீரர்கள் கைகூப்பிப் படுத்திருப்பார்கள். இவன் சாகிற நேரத்திலும் உடம்பை முறுக்கி, ஒரு கை உறையைப் பிடிக்க, மறு கை வாளை உருவுகிறான். அங்கியின் மடிப்புகள் அந்த முறுக்கோடு திரும்புகின்றன. கால்கள் குறுக்கே போட்டிருப்பதால் சிலுவைப் போருக்குப் போனவன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பிற்காலக் கற்பனை. சிலுவைப் போருக்கே போகாதவர்களின் உருவங்களும் அப்படி இருக்கின்றன. இவன் யார்? 1282இல் வேல்ஸில் போரில் இறந்த இளைய வில்லியம் டி வேலன்ஸாக இருக்கலாம் என்கிறார்கள். கால அளவு பொருந்துகிறது, பெயர் பொறித்த எழுத்து எதுவும் இல்லை. இருக்கலாம் என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயத்தில் வார்த்த ஞானஸ்நானத் தொட்டியைத் தவறவிடாதீர்கள். 1170 வாக்கில் செய்தது, வளைவுகளின் கீழ் அப்போஸ்தலர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது ஆட்கள் முதலில் கைவைத்தது கூரை ஈயத்தில்தான், உருக்கினால் உடனே காசு. அந்தக் காலத்தில் ஒரு மடத்துக்குள் இருந்த ஈயத் தொட்டி தப்பியது அதிசயம்.

ஆலயமே தப்பியதும் அப்படித்தான். 1536இல் மடம் மூடப்பட்டது. ரிச்சர்ட் போஃபாரஸ்ட் என்ற உள்ளூர்ச் செல்வர் ஆலயத்தின் கிழக்குப் பகுதியை 140 பவுண்டுக்கு வாங்கினார். 1554இல் தன் உயிலில் அதை ஊர் மக்களுக்கே எழுதிவைத்தார். அவர் வாங்கியிருக்காவிட்டால் ஈசாய் மரம் யாருடைய மாட்டுக் கொட்டகைச் சுவரிலோ கல்லாகக் கிடந்திருக்கும். அந்தக் காலத்து மடங்களுக்கு அதுதான் நடந்தது. மடத்தின் மற்ற கட்டடங்கள் போய்விட்டன. ஆலயத்துக்கு மேற்கே உள்ள மரச்சட்டக் கட்டடம் மட்டும் மிஞ்சியது. மடத்தின் விருந்தினர் இல்லம் என்று சொல்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடமானது, இப்போது அருங்காட்சியகமும் தேநீர்க் கடையும் அங்கே இருக்கின்றன. ஆலயத்தின் மேற்குக் கோபுரத்தை 1602இல் திருப்பிக் கட்டினார்கள்.

ஊர் வளராமல் போனதுதான் இவ்வளவும் மிஞ்சக் காரணம் என்பது என் கருத்து. பணமும் அதிகாரமும் இருந்த ஊர்களில் ஒவ்வொரு தலைமுறையும் இடித்துக் கட்டியது. இங்கே அதற்கு ஆளில்லை, காசில்லை.

பெரிய தெருவுக்கு வாருங்கள். ஜோடனையா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் வீடுகளின் முகத்தில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. லண்டனுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் இடையே குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் இது ஓயாத சாலை. வண்டிப் போக்குவரத்தால் கொஞ்சம் காசு வந்ததும் பலர் தெருவைப் பார்த்த சுவரை மட்டும் செங்கல்லில் மாற்றி, பெரிய சன்னல் வைத்துக்கொண்டார்கள். பின்னால் பழைய மரச்சட்டம் அப்படியே நிற்கும். சந்துக்குள் நுழைந்து பக்கச் சுவரைப் பாருங்கள். கருத்த மரமும் இடையில் பூச்சும் தெரிந்தால், அல்லது முகப்பின் நேர்க்கோட்டுக்குப் பொருந்தாமல் கூரை செங்குத்தாக ஏறினால், உள்ளே இருப்பது முகப்பைவிட நூறு இருநூறு ஆண்டு மூத்த வீடு. செங்குத்தான கூரை பெரும்பாலும் முன்பு வைக்கோல் வேய்ந்தது. இந்த வீடுகளுக்குப் பெரிய எதிரி மழை அல்ல, சிமெண்ட். பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மரத்தை மக்க வைக்கும். அழகாக வெள்ளையடித்த வீட்டின் மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்து, விரல் உள்ளே போனதும் உண்டு.

ஜார்ஜ் என்ற பழைய வண்டிச் சத்திரம் தெருவில் இருக்கிறது. முற்றத்துக்குள் போய் மாடி நடையைப் பாருங்கள். 1495 என்று ஒரு ஆண்டு சொல்வார்கள். கட்டட முறை அந்தக் காலத்துக்கு ஒத்துவருகிறது, ஆனால் சத்திரங்கள் சொல்லும் ஆண்டுகளைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பது என் பழக்கம். ஊருக்குத் தெற்கே தேம் மீதுள்ள கல் பாலம் 1813 முதல் 1815 வரை கட்டியது. அதற்கு முன் இடைக்காலப் பாலம் இருந்தது. பாலத்தருகே சுங்கம் வாங்கிய எண்கோண வீட்டைக் கவனியுங்கள். வண்டி எந்தப் பக்கம் வந்தாலும் சன்னலிலிருந்தே தெரிய வேண்டும் என்பதால் சுங்க வீடுகளை இப்படிக் கட்டினார்கள். பாலத்துக்குப் பக்கத்திலேயே 1849இல் கட்டிய சிறிய கத்தோலிக்க ஆலயம். இதைக் கட்டிய வில்லியம் வார்டெல் பிற்பாடு ஆஸ்திரேலியா போய் மெல்போர்ன் நகரின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தை வடிவமைத்தார். இடைக்காலம் போலத் தெரியும், விக்டோரியா காலத்தது. உங்கள் கேள்வியின் கணக்கில் ஜோடனை என்று இதைச் சொல்வீர்களோ என்னவோ, நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கையோடு கட்டிய நல்ல ஆலயம்.

நேரம் இருந்தால் டைக் ஹில்ஸ்வரை நடங்கள். அந்த மண்கரைக்குப் பின்னால் இங்கிலாந்தின் தொல்லியல் சட்ட வரலாறே இருக்கிறது. 1870இல் நிலச் சொந்தக்காரர் உழவுக்காகக் கரையைச் சமன்செய்யத் தொடங்கினார். பின்னாளில் பிட்-ரிவர்ஸ் என்று பேர் பெற்ற லேன் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினார். ஒரு பகுதி அழிந்தது, மிச்சம் காப்பாற்றப்பட்டது. சொந்த நிலத்தில் இருக்கும் தொல்சின்னத்தைச் சொந்தக்காரர் இஷ்டப்படி அழிக்கலாமா என்ற விவாதத்தில் இந்தக் கரை முக்கியமான உதாரணமானது. 1882இல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே கரையில் 1940இல் ஜெர்மானியர் வந்தால் தடுக்க ஒரு கான்கிரீட் காவல் அரணையும் கட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தேர்ந்தெடுத்த அதே தற்காப்புக் கோடு.

மழைக்காலத்தில் போனால் அந்தப் புல்வெளிப் பாதை சேறாக இருக்கும், தேம்ஸ் பெருகினால் சில நாள் மூழ்கியும் போகும். அப்படியானால் காலை முழுவதும் ஆலயத்துக்குள்ளேயே செலவிடுங்கள். வெயில் இருக்கும் நாளாகப் பார்த்தால் நல்லது, கண்ணாடியில் உள்ள உருவங்கள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். கண்ணாடியை உயரத்தில் பார்க்கச் சிறிய பைனாகுலர் ஒன்றை மகளிடம் வாங்கிவைக்கச் சொல்லுங்கள். அருங்காட்சியகம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை, கிளம்பும் முன் நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.